பெயர் சொல்லும் பொறியைத் தேர்பவர் யார்?

மக்கள் பெயரைக் கொண்டு ஊரைத் தேடுகிறார்கள். பொறிகள் எண்ணைக் கொண்டு இடத்தைத் தேடுகின்றன. இவ்விரண்டு வழக்கங்களுக்கும் நடுவே நின்று, நாம் சொல்லும் பெயரைப் பொறிக்குரிய எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். என்பது. நாள்தோறும் நூறுமுறை அதன் உதவியைப் பெறுகிறோம். ஒருமுறையேனும் அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் சங்கத்து நண்பர்களில் கணிப்பொறி பயில்வோர் சிலரே. வரலாறு பயில்வோரும், வேளாண்மை பயில்வோரும், சட்டம் பயில்வோரும் இருக்கின்றனர். ஆயினும் மடிக்கணினியோ கைப்பேசியோ இல்லாதவர் நம்முள் எவரும் இலர். நம் பொறி யாரைக் கேட்டு வழி அறிகிறது, அந்த ஒருவரை அமர்த்தியவர் யார், வேண்டுமானால் நாம் வேறொருவரை அமர்த்த முடியுமா என்னும் மூன்று வினாக்களும் எல்லோர்க்கும் உரியவை. அவற்றிற்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் எண்ணும்

இணையம் சிறு குழந்தையாக இருந்த காலத்தில் அதில் இணைந்திருந்த பொறிகள் சில நூறு மட்டுமே. அவற்றின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலாக எழுதி, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வைத்திருந்தனர். மற்ற இடங்களிலுள்ளோர் அப்பட்டியலை அவ்வப்போது படியெடுத்துக் கொண்டனர். பொறிகள் பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. காலையில் எடுத்த படி மாலையில் பழையதாகிவிட்டது.

1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வேறொரு முறையை வகுத்தார். ஒரே பட்டியலை ஒரே இடத்தில் வைப்பதற்குப் பதிலாக, பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்தக் கிளையை அந்தந்த உரிமையாளரே பேணட்டும் என்றார். இன்றும் நடைமுறையில் உள்ள அதன் விதிகள் 1987 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1034, 1035 என்னும் இரண்டு ஆவணங்களாக வெளிவந்தன.

நம் மடிக்கணினி இக்கிளைகள் எல்லாவற்றையும் தானே ஏறி இறங்கித் தேடுவதில்லை. அப்பணியைச் செய்ய வேறொரு பொறி உண்டு. அதைத் தேடித் தரும் சர்வர் என்று சொல்லலாம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன், மடிக்கணினி அந்தச் சர்வரை நோக்கி, “இப்பெயருக்கு எண் யாது?” என்று கேட்கிறது. சர்வர் முதலில் வேர்நிலைச் சர்வர்களையும், பின்னர் ‘.காம்’, ‘.இன்’ போன்ற கிளைகளின் சர்வர்களையும், இறுதியில் அத்தளத்திற்கே உரிய சர்வரையும் கேட்டறிந்து விடையைக் கொணர்கிறது. கிடைத்த விடையைச் சிறிது காலம் தன் நினைவில் வைத்துக் கொள்கிறது. அடுத்தவர் கேட்டால் உடனே சொல்லிவிடும்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நம் பொறி அச்சர்வரின் சொல்லை அப்படியே நம்புகிறது. அது தவறான எண்ணைக் கூறினால் நம் பொறி தவறான இடத்திற்கே செல்லும். மேலும், நாம் எந்தெந்தப் பெயர்களைக் கேட்டோம் என்பது அச்சர்வரை நடத்துவோருக்குத் தெரியும். ஆதலின் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறிய உரிமை அன்று.

2. தானே வந்து சேரும் அமைப்பு

அப்படியானால் நம் பொறிக்கு அந்தச் சர்வரின் எண்ணைக் கொடுத்தவர் யார்? பெரும்பாலோர் தாமாகக் கொடுத்ததில்லை. விடுதியின் வை-ஃபையில் சேர்ந்தபோது அது தானே வந்தது.

இதனைச் செய்வது டி.எச்.சி.பி. என்னும் நெறி. 1993-இல் வெளிவந்து, 1997-இல் ஆர்.எஃப்.சி. 2131 என்று திருத்தம் பெற்றது. புதிதாக வந்த பொறி, “இங்கே எண் வழங்குவோர் யாரேனும் உளரோ?” என்று பொதுவாகக் கூவுகிறது. வழங்கும் பொறி, “இந்த எண்ணை எடுத்துக்கொள்” என்கிறது. “அதையே கொள்கிறேன்” என்று முதற்பொறி கூற, “உறுதி” என்று மறுமொழி வருகிறது. இந்த நான்கு சொற்களின் உரையாடலில் நம் பொறிக்குரிய எண், வெளியே செல்லும் வாயில், டி.என்.எஸ். சர்வரின் எண் ஆகிய எல்லாம் ஒருங்கே வந்து சேர்கின்றன. டி.என்.எஸ். சர்வருக்கென அந்நெறியில் 6-ஆம் எண்ணுள்ள பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ஐ.பி.வி.6 என்னும் புதிய எண் முறையில், ரவுட்டர் இடும் அறிவிப்பின் வழியாகவும் இது வரக்கூடும்.

இந்த ஏற்பாடு நல்லதே. விடுதியிலும் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் மாறி மாறி அமரும் மாணவன், ஒவ்வோரிடத்திலும் எண்களைத் தானே நிரப்ப வேண்டியிருந்தால் படிப்பதற்கு நேரம் இராது. வளாகத்திற்குள் மட்டுமே வழங்கும் பெயர்களும் உண்டு. ஆய்வுக்கூடப் பொறியின் பெயரையோ, உள்வளாகத் தேர்வுத் தளத்தின் பெயரையோ வளாகத்துச் சர்வரே அறியும். வெளியிலுள்ள சர்வர் அறியாது. ஆகவே தானே வரும் அமைப்பைப் பகை என்று கருதுவது பேதைமை.

ஆனால் டி.எச்.சி.பி. நெறியின் வழக்கமான நடைமுறையில், எண் வழங்கும் பொறி தான் யார் என்று மெய்ப்பிப்பதில்லை. முதலில் மறுமொழி கூறியவரை நம் பொறி பெரும்பாலும் ஏற்றுக் கொள்கிறது. தேநீர்க் கடையின் வை-ஃபையானாலும் தொடர்வண்டி நிலையத்தின் வை-ஃபையானாலும் நிலைமை இதுவே.

3. தேர்வு கைமாறினால் நேர்வது

இது வெறும் அச்சம் அன்று என்பதற்கு வரலாறு சான்று. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீநிரல் 2007-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியது. அது செய்த வேலை ஒன்றே: பொறியில் எழுதியிருந்த டி.என்.எஸ். சர்வரின் எண்ணை அழித்துவிட்டுக் குற்றவாளிகள் நடத்திய சர்வரின் எண்ணை எழுதியது. அதன்பின் மக்கள் சரியான பெயரையே தட்டச்சு செய்தும், சென்று சேர்ந்த இடம் குற்றவாளிகள் விரும்பிய விளம்பரங்களாக இருந்தது. வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்தால், அந்நிரல் ரவுட்டரிலும் புகுந்து எண்ணை மாற்ற முயன்றது. ரவுட்டர் கெட்டால் அதனிடமிருந்து தானாகவே அமைப்பைப் பெறும் பொறிகள் எல்லாம் கெட்டன.

2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை இக்கூட்டத்தைப் பிடித்தது. அப்போது பாதிக்கப்பட்டிருந்த கணிப்பொறிகள் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. குற்றவாளிகளின் சர்வர்களை ஒரேயடியாக நிறுத்தினால், அவற்றையே நம்பியிருந்த மக்களுக்கு இணையம் இல்லாமற் போகும். ஆகவே நீதிமன்ற ஆணைப்படி, அவ்வெண்களிலேயே நல்ல சர்வர்கள் அமர்த்தப்பட்டு, 2012 ஜூலை 9 வரை நடத்தப்பட்டன. தம் பொறி யாரைக் கேட்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் அவர்களுட் பலர் தாமே கண்டறிந்திருப்பர். பார்க்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

மற்றொரு நிகழ்ச்சி துருக்கியில் நடந்தது. 2014 மார்ச்சில் அங்கே ட்விட்டர் தடை செய்யப்பட்டது. தடை முதலில் டி.என்.எஸ். வழியாகவே நடந்தமையால், மக்கள் தம் பொறிகளில் கூகுளின் பொதுச் சர்வரான 8.8.8.8 என்னும் எண்ணை எழுதிக் கொண்டனர். தெருச் சுவர்களிலும் அவ்வெண்ணை எழுதி வைத்தனர். சில நாட்களில் அவ்வெண்ணுக்குச் செல்லும் வழியையே அந்நாட்டு இணைய நிறுவனங்கள் திசைதிருப்பின. தேர்வு செய்யும் உரிமையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது.

4. எழுதியதை அழிக்கும் கை

இனி நம் பொறிக்கு வருவோம். லினக்ஸ் பயன்படுத்துவோர் பலருக்கு ஏற்பட்டிருக்கும் தொல்லை ஒன்று உண்டு. ‘எட்சி’ என்னும் அடைவிலுள்ள ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்னும் சிறு கோப்பைத் திறந்து, தாம் விரும்பும் சர்வரின் எண்ணை எழுதிச் சேமிக்கிறார்கள். எல்லாம் நன்றாக நடக்கிறது. மறுநாள் பார்த்தால் எழுதியது காணவில்லை. பழைய எண்ணே வந்து அமர்ந்திருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? டி.எச்.சி.பி. தரும் எண் சொந்தமன்று, அது குத்தகை. குத்தகைக் காலத்தின் பாதி கழிந்ததும் நம் பொறி அதைப் புதுப்பிக்கிறது. புதுப்பிக்கும்போதும், வலையமைப்பை விட்டு மீண்டும் சேரும்போதும், வந்த செய்தியைக் கொண்டு அக்கோப்பு புதிதாக எழுதப்படலாம். எழுதுவது பெரும்பாலும் நெட்வொர்க்-மேனேஜர் என்னும் மென்பொருள். ரெட் ஹேட் நிறுவனத்தில் 2004-இல் தொடங்கப்பட்ட இம்மென்பொருள் இன்று பல லினக்ஸ் வகைகளில் இடம்பெற்றுள்ளது. கோப்பின் முதல் வரியைப் படித்தால், ‘இது நெட்வொர்க்-மேனேஜர் உண்டாக்கியது’ என்னும் பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அவ்வரியை நாம் படிப்பதில்லை, அதனால்தான் திகைக்கிறோம்.

சினங்கொண்ட சிலர் அக்கோப்பை எவரும் மாற்றமுடியாதபடி பூட்டிவிடுகின்றனர். இது நல்ல வழி அன்று. வேறு ஊருக்குச் சென்று வேறு வலையமைப்பில் சேர்ந்தாலும், வி.பி.என். வழியாக வளாகத்திற்குள் நுழைந்தாலும், பூட்டிய கோப்பு மாறாது. பூட்டியதை மறந்தவன் பின்னர் என்ன கோளாறு என்று தெரியாமல் வருந்துவான். கோப்பை எழுதுகின்ற மென்பொருளிடமே நம் விருப்பத்தைச் சொல்லி வைப்பதுதான் முறை.

5. முறையாகச் சொல்லும் வழி

தானே வரும் அமைப்பு என்பது ஒரே மூட்டை போலத் தோன்றினாலும், அதை அவிழ்த்துப் பிரிக்க முடியும். ‘எண்ணையும் வாயிலையும் நீயே கொடு, டி.என்.எஸ். சர்வரை நான் சொல்லுகிறேன்’ என்று கூறலாம்.

விண்டோஸில் இதற்கென இரண்டு தேர்வுகள் நெடுங்காலமாக உள்ளன. டி.என்.எஸ். எண்ணைத் தானாகப் பெறுக என்பது ஒன்று. பின்வரும் எண்களைப் பயன்படுத்துக என்பது மற்றொன்று. பொறியின் எண்ணைத் தானாகப் பெற்றுக்கொண்டே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

க்னோம் திரையுள்ள லினக்ஸில், இணைப்பின் அமைப்புகளுக்குள் ஐ.பி.வி.4 பக்கத்தில் டி.என்.எஸ். என்னும் சொல்லுக்கு அருகே ‘ஆட்டோமேட்டிக்’ என்னும் விசை இருக்கும். அதை அணைத்துவிட்டு நம் எண்ணை எழுத வேண்டும். கட்டளை வழியாகச் செய்வோர்க்கு ‘இக்னோர்-ஆட்டோ-டி.என்.எஸ்.’ என்னும் பண்பு உண்டு. அதற்கு ‘யெஸ்’ என மதிப்பிட வேண்டும். இங்கே நான்கு செய்திகளை நினைவில் வைத்தல் நலம்.

முதலாவது: விசையை அணைக்காமல் நம் எண்ணை மட்டும் எழுதினால், நெட்வொர்க்-மேனேஜர் அதைப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும், தானே வந்தவையும் அதன் பின்னே நிற்கும். சேர்ப்பது வேறு, மாற்றுவது வேறு.

இரண்டாவது: ஐ.பி.வி.4 பக்கத்தில் அணைத்தது ஐ.பி.வி.6 பக்கத்திற்குச் செல்லாது. அங்கும் தனியே அணைக்க வேண்டும். முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்து வைத்த கதையாகப் பலர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

மூன்றாவது: இந்த அமைப்பு குறிப்பிட்ட இணைப்புக்கு மட்டுமே உரியது. விடுதி வை-ஃபைக்குச் செய்தது நூலக வை-ஃபைக்குப் பொருந்தாது. மேலும், மாற்றிய பின் இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்த்தாலன்றி மாற்றம் நடைமுறைக்கு வாராது.

நான்காவது: வளாகச் சர்வரையும் வெளிச் சர்வரையும் அடுத்தடுத்து எழுதினால் உட்பெயருக்கு ஒன்றும் வெளிப்பெயருக்கு மற்றொன்றும் விடை தரும் என்று எண்ணுவது பிழை. லினக்ஸின் வழக்கமான முறையில் முதற்சர்வர் மறுமொழியே கூறாமல் 5 விநாடி கழிந்தால்தான் இரண்டாவது சர்வரைக் கேட்கும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் ஒரு மறுமொழியே. அது கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். மூன்று சர்வர்களுக்கு மேல் எழுதினாலும் எஞ்சியவை கவனிக்கப்படா.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 2018-இல் வெளிவந்த 9-ஆம் பதிப்பு முதல் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பு உண்டு. அணைத்தல், தானாக இயங்கல், நாம் சொல்லும் சர்வரைக் கேட்டல் என்று அதில் மூன்று நிலைகள்.

6. மாற்றுமுன் எண்ண வேண்டியவை

சர்வரை மாற்றிவிட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று கருத வேண்டா. சாதாரண டி.என்.எஸ். வினா, உறையிடாத அஞ்சலட்டை போன்றது. வழியிலுள்ளோர் படிக்கலாம்; திருப்பியும் விடலாம். இதைத் தவிர்க்கவே, வினாவை மறைத்து அனுப்பும் முறைகள் 2016-இலும் 2018-இலும் வகுக்கப்பட்டன. முன்னது டி.எல்.எஸ். வழி டி.என்.எஸ்.; பின்னது எச்.டி.டி.பி.எஸ். வழி டி.என்.எஸ். மேலே கூறிய ஆண்ட்ராய்டு அமைப்பு இத்தகையதே.

ஆனால் இங்கும் நம் தேர்வைப் பற்றிய வினா மீண்டும் எழுகிறது. 2020-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, அமெரிக்காவில் உள்ளோர்க்கு எச்.டி.டி.பி.எஸ். வழி டி.என்.எஸ். முறையைத் தானே இயக்கத் தொடங்கியது. கணிப்பொறியில் நாம் ஒன்றை எழுதியிருக்க, உலாவி வேறொருவரைக் கேட்கும் நிலை உண்டாயிற்று. நோக்கம் காவல் என்பதில் ஐயமில்லை. அதை அணைக்கும் வழியும் அமைப்புகளில் உண்டு. ஆயினும் நன்மைக்காகச் செய்யும் மாற்றத்தையும் பயன்படுத்துவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்னொன்று: பொதுச் சர்வரைத் தேர்ந்தெடுத்தால், வளாகத்தார் முன்பு அறிந்ததை இப்போது அந்நிறுவனத்தார் அறிவர். நம்பிக்கை இடம் மாறியதே அன்றி, நம்பிக்கையே தேவையில்லாத நிலை வந்துவிடவில்லை.

மூன்றாவது, வளாக வாழ்க்கையில் நாம் நேரே காண்பது. புதிய இடத்தின் வை-ஃபையில் சேர்ந்தும் உள்நுழைவுப் பக்கம் தோன்றவில்லை என்று என்னிடம் வந்த நண்பர்கள் பலர். அப்பக்கத்தைக் காட்டுவதற்கு அவ்விடத்துச் சர்வரின் உதவி பெரும்பாலும் தேவை. நாமோ வேறு சர்வரையே கேட்பேன் என்று கட்டளையிட்டிருக்கிறோம். சிறிது நேரம் ‘ஆட்டோமேட்டிக்’ விசையை இயக்கி, உள்நுழைந்த பின் பழையபடி அணைத்துவிட்டால் தொல்லை தீரும். ஆய்வுக்கூடப் பொறியின் பெயர் திறக்கவில்லை என்று வருவோர்க்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. லினக்ஸில் ‘சிஸ்டம்டி-ரிசால்வ்டு’ உள்ளவர்கள், வளாகப் பெயர்களை மட்டும் வளாகச் சர்வருக்கும் மற்றவற்றை வேறு சர்வருக்கும் அனுப்புமாறு பிரித்து அமைக்கலாம். விடுதி அல்லது துறையின் விதிகள் மாற்றத்தைத் தடுத்திருந்தால், அவற்றையும் கேட்டறிந்து நடப்பதே முறை.

7. நல்ல மென்பொருளின் இலக்கணம்

நம்முள் சிலர் நாளை இத்தகைய மென்பொருள்களை எழுதப் போகிறவர்கள். அவர்களுக்கு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நல்ல மென்பொருள், ஒன்றும் அறியாதவர்க்கும் தானே இயங்க வேண்டும். தானாகப் பெற்றது எது, அதைத் தந்தவர் யார் என்பதை மறைக்காமல் காட்ட வேண்டும். பயன்படுத்துவோர் ஒன்றைத் தம் கையால் எழுதினால், அதை வாய்திறவாமல் அழிக்கக் கூடாது. அழிக்க நேர்ந்தால் அறிவித்து அழிக்க வேண்டும். எண்ணைப் பெறுவதும் சர்வரைப் பெறுவதும் தனித்தனியே தேர்ந்தெடுக்கத் தக்கனவாக இருக்க வேண்டும். பழைய நிலைக்கு மீளும் வழியும் எளிதாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் அமைந்த இடத்தில் தானியங்கு அமைப்பு பணியாளாக இருக்கும். அமையாத இடத்தில் அது முதலாளியாகிவிடும்.

படித்து முடித்தவுடன் ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். ஆங்கில எழுத்துகளில், விண்டோஸ் உள்ளவர்கள் கட்டளைத் திரையில் ‘ஐ.பி.கான்ஃபிக் /ஆல்’ என்றும், லினக்ஸ் உள்ளவர்கள் ‘ரிசால்வ்-சி.டி.எல். ஸ்டேட்டஸ்’ என்றும் புள்ளியின்றித் தட்டச்சு செய்து பாருங்கள். ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் 127.0.0.53 என்று மட்டும் கண்டால் அஞ்ச வேண்டா. அது உங்கள் பொறிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர். அதற்குப் பின்னே நிற்கும் உண்மையான எண்ணை இரண்டாவது கட்டளை காட்டிவிடும். அந்த எண் யாருடையது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். வளாகத்தினுடையது என்று தெரிந்து, அதுவே போதும் என்று மனம் ஒப்பினால் அப்படியே விட்டுவிடுங்கள். அறிந்து விடுவதும் தேர்வே. யாருடையது என்று விளங்காத எண்ணாக இருந்தால், கணிப்பொறி பயிலும் நம் சங்கத்து நண்பர் ஒருவரை அன்றே அழைத்துக் காட்டுங்கள்.